படிக்கட்டு மூலையில் சர்க்கரை

பக்ருதீனுக்குக் கடத்தூரில் செருப்புக் கடை. ஆனால் மாடியில் அறை கட்ட ஆரம்பித்ததிலிருந்து மனுஷர் வாயில் வியாபாரப் பேச்சே வரவில்லை. எம்20 என்றால் கான்கிரீட் தாங்கவேண்டிய பலம், ஸ்லம்ப் என்றால் கலவை எவ்வளவு தளர்வு என்பது, பிளாஸ்டிசைசர் ஊற்றினால் தண்ணீர் கூட்டாமலே இளகும், ரிடார்டர் ஊற்றினால் இறுக நேரமாகும். எல்லாம் போனில் வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானம். கேட்டுக் கேட்டு மனைவி நசீம் பானுவுக்குக் காது புளித்துப்போனது.

"ரசத்துக்கு ஸ்லம்ப் சரியா இருக்குதாங்க?" என்பாள் சோறு போடும்போது.

அறைக்கு மேல்தளம் போட்ட அன்று ஃபாத்திஹா ஓதி, ஆட்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். இரண்டு கைப்பிடி மிஞ்சியது. ஓதின சர்க்கரையைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனம் வரும்? மகள் ஷாஜியா தலைப்பிரசவத்துக்கு வந்து தங்கப்போகும் அறை, இனிப்பாக இருக்கட்டும் என்று, கடைசிக் கலவை சுற்றும்போது மெஷினுக்குள் போட்டுவிட்டாள் நசீம் பானு. யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் தளமெல்லாம் இறுகியிருந்தது. படிக்கட்டு மூலை மட்டும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

பக்ருதீனுக்குக் கோபம் தலைக்கேறியது. "மாதேஷு, கடைசி லோடுல தண்ணிய அள்ளி ஊத்திட்டீங்க. வேற மேஸ்திரி வெச்சு ஒடைச்சுப் போட்டுக்கிறேன், நீங்க கெளம்புங்க."

"சத்தியமா இல்லீங்க பாய்." மேஸ்திரி மாதேஷின் முகம் சுண்டிப்போயிற்று. தளத்தைக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அவன் கொத்துக்கரண்டியை எடுத்துப் பையில் போட்டதைப் பார்த்ததும் நசீம் பானு முன்னால் வந்தாள்.

"அவரத் திட்டாதீங்க. நாந்தாங்க, ஓதின சக்கரைய மெசினுல போட்டுட்டேன்."

கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவ்ளோ?" என்றார் பக்ருதீன்.

"ரெண்டு கையி."

"அட, சக்கரையும் ரிடார்டர் மாதிரிதான் பானு! கொஞ்சமாப் போட்டா லேட்டாத்தான் எறுகும், கெட்டுப்போவாது." திரும்பி மாதேஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க மேஸ்திரி. அவசரப்பட்டுட்டேன்."

ஈரம் காயாமல் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்திருந்தார்கள். சில நாளில் மூலை இறுகியது. இன்ஜினியர் வந்து கருவி வைத்துப் பார்த்து, பலம் சரியாக இருக்கிறது என்றார். அப்படியும் நசீம் பானுவுக்கு மனம் ஆறவில்லை. தளத்தைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்த அன்று, பிள்ளைத்தாச்சியை இதற்குக் கீழே எப்படிப் படுக்கவைப்பது என்று அழுதேவிட்டாள்.

பக்ருதீன் கட்டிலை இழுத்துப்போய் நேரே அந்த மூலைக்குக் கீழே போட்டு மல்லாந்து படுத்தார்.

"எந்திரிங்க, பயமா இருக்குது."

"நம்ம புள்ளைக்காகப் போட்டது பானு. எம்மேல வுழுவாது."

அவள் கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தள்ளிப் படுங்க" என்றாள்.