மஞ்சவாலும் ஓட்டை டின்னும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அம்மாவும் அப்பாவும் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட கதை. இப்போது இருவரும் இல்லை. தீர்ப்பையாவது நான் எழுதலாமே என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: மலாயாவின் அவசரகாலத்தில் போர்ட்டிக்சன் கடல் நீலமாக—

வேண்டாம். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை.

2

மஞ்சவால் பவளப்பாறையோரத்து மீன். பகலில் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரியும். இருட்டினால் ஒவ்வொன்றும் தனியாக ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாம் தலைகீழ். பகலில் ஆளுக்கொரு நிரையில் தனியாகப் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார்கள். பொழுது சாய்ந்தால் முள்வேலிக்குள் மொத்தமாக அடைந்தார்கள். (கட்டுரை மாதிரி ஆகிறது. கதைக்கு வருகிறேன்.)

3

லாரி ஓட்டிய அர்ச்சுனன், அதாவது அப்பா, போர்ட்டிக்சனுக்கே வேலை மாறிப் போகவிருந்தார். மயிலம்மாளைக் கட்டிக்கொண்டு கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கோ கடலென்றாலே பயம்.

"அம்மாந் தண்ணியில உசிரு எப்படி இருக்கும்? நீங்க சொல்ற அந்த மஞ்சவால உசிரோட கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் வர்றேனா இல்லையான்னு சொல்றேன்."

ஒரு பிற்பகல், பிஸ்கட் டின்னில் கடல்தண்ணீரும் ஒரு மீனுமாக அப்பா வந்து சேர்ந்தார். தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு வீரமுத்து. (காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, உள்ளே இருப்பது சீக்கிரம் கெட்டுப்போகும்படி டின்களை ஓட்டை போட்ட காலம். திறந்த டின்னுக்கும் அது பொருந்துமா என்று யோசிக்கிற ஆளில்லை வீரமுத்து.)

"டின்னுன்னா ஓட்ட போடணும்லா."

"அண்ணே, உள்ள மீனு. தண்ணி போனா செத்துரும்."

"செத்தாத்தானே கொழம்பு?"

ஆணியால் ஒரே குத்து. அம்மா ஓடிவந்து ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

4

அம்மா சொன்ன முடிவு: மீன் வாலை ஆட்டியது.

அப்பா சொன்ன முடிவு: மீன் போர்ட்டிக்சனை அடுத்த லுக்குட் தாண்டும்போதே செத்துவிட்டது.

மூன்றாவதாக நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: வீரமுத்து மனமிரங்கி— அடித்துவிட்டேன். அந்த மனுஷனை அப்படி எழுதக் கை வரவில்லை.

அப்பா சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. கூட்டத்தோடு வாழும் மீன் ஒற்றையாய் டின்னில் எத்தனை தூரம் தாங்கும்? ஆனால் அம்மா அன்று சொன்ன வார்த்தையில் மட்டும் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. டின்னுக்குள் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, சொன்னாளாம்:

"உசிரோடதான் இருக்கு. எப்பப் போகலாம்?"

5

அந்தச் சண்டை இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. தீர்ப்பெழுத என்னால் ஆகாது. இந்தாருங்கள், டின்னைப் பிடியுங்கள். ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். எதிரே அப்பா நிற்கிறார், பார்த்துச் சொல்லுங்கள்.