பையில் இருந்த பாபின் கேஸ்

தவசி பாபின் கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கினான். உள்ளே அடிநூல் சுற்றிய அந்தச் சின்ன உலோகக் கூடு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. அசையாமல் நின்றால் நூல் இறுக்கம், தரைவரை ஓடினால் தளர்ச்சி. பவர் டேபிள் என்கிற மோட்டார் மிஷினில் தைக்கும் டெய்லர்கள் காலையில் உட்கார்ந்ததும் சாமி கும்பிடுகிறார்களோ இல்லையோ, இதைச் செய்துவிடுவார்கள். முதலிபாளையத்துப் பனியன் யூனிட்டுகளில் மிஷினும் நூலும் கம்பெனியுடையவை. பாபின் கேஸ் டெய்லருடையது. அவனவன் கேஸ் அவனவன் கைக்குத்தான் படியும்.

தவசி கையில் இருந்தது ராஜபாண்டியுடையது. பக்கத்து மிஷினில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவன். இப்போது அந்த இடத்தில் பீகார்க்காரர் ஒருவர் காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தவசி, நேத்து பட்டியில நூல் விட்டிருக்குதுங்க. கவனம் எங்கீங்க இருக்குது?" என்றார் மயில்சாமி. அவர்தான் யூனிட்டை கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர்.

"பாத்துக்கிறேண்ணே" என்றான் தவசி. கவனம் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் என்னவோ பேங்குகள் கவிழ்ந்ததாகப் பேப்பரில் வந்த வருஷம் அது. அங்கே எவனோ பனியன் வாங்குவதை நிறுத்தினான். இங்கே வாரத்தில் மூன்று நாள் மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. தை பிறந்ததும் ராஜபாண்டி மலேசியா போவதென்று முடிவெடுத்தான். ஏஜென்ட் டூரிஸ்ட் விசா எடுத்துத் தந்தார். இறங்கியதும் ஒரு தையல் கடையில் சேர்த்துவிடுவதாகவும், வேலை பெர்மிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதே யூனிட்டில் செக்கிங் பார்க்கும் அவன் மனைவி விஜயராணியின் கழுத்தில் தாலிக்கயிறு தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராஜபாண்டி தன் பாபின் கேஸைக் கொண்டுவந்து தவசி கையில் வைத்தான்.

"நீ வச்சுக்க மச்சான். தொழில் சாமான் ஒண்ணும் பையில இருக்கக் கூடாதாம். சுத்திப் பாக்கப் போறவன் மாதிரி இருக்கணும்னு ஏஜென்ட் சொல்லிட்டான். கூலிங் கிளாஸ் கூட வாங்கியிருக்கேன்."

"கூலிங் கிளாஸா? உனக்கா?"

"சிரிக்காத. ராணி ரெண்டு நாளா சிரிச்சுக்கிட்டிருக்கா."

தவசி சிரித்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. கேஸ் இல்லாமல் ஒரு டெய்லர் கடல் தாண்டிப் போவதா? கண்டவன் கேஸைப் போட்டு முதல் நாளே கோணல் தையல் தைத்தால் அந்தக் கடைக்காரன் வைத்துக்கொள்வானா? ஏஜென்ட்டுக்கு விசாவைப் பற்றித் தெரியும், தையலைப் பற்றி என்ன தெரியும்? சாயங்காலமே டவுனுக்குப் போய் ஜப்பான் கேஸ் புதிதாக ஒன்று வாங்கினான். வெள்ளை நூல் சுற்றிப் போட்டு, திருகாணியைத் திருப்பித் திருப்பி ராஜபாண்டியின் கைக்கு ஏற்ற இறுக்கத்தில் வைத்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பையைத் தூக்கிவந்தது தவசிதான். டிக்கெட் வாங்க ராஜபாண்டியும் விஜயராணியும் நகர்ந்த நேரத்தில், ஷேவிங் டப்பாவுக்குள் கேஸைச் செருகிவிட்டான். அங்கே போய்த் திறந்து பார்த்தால் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தான்.

ராஜபாண்டி நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டான்.

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான். மலேசியா ஏர்போர்ட்டில் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆபீசர் தமிழ்க்காரர். ஷேவிங் டப்பாவிலிருந்து அதை எடுத்து, "இது என்ன?" என்று நீட்டியிருக்கிறார்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரோ என்னமோ மச்சான். கையில வாங்குனேன். வாங்குனதும் கை சும்மா இருக்கல. நூலைப் புடிச்சுத் தொங்கவிட்டு ஒரு குலுக்குக் குலுக்கிட்டேன்."

தவசி தரையைப் பார்த்தான்.

"அந்தாளு சிரிச்சிட்டாரு. டெய்லரான்னு கேட்டாரு. இந்த வாய் இருக்கே, ஆமா சார், பவர் டேபிள்னு சொல்லிருச்சு. கம்பெனி கேட்டுல நின்னு வேலை கேக்குற மாதிரியே சொல்லிட்டேன் மச்சான். அங்கேயே உக்கார வச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. ஏஜென்ட் போனையே எடுக்க மாட்டேங்கிறான்."

டீயில் ஆடை படிந்துவிட்டது. வைத்தது நான்தான் என்று தவசி சொல்லத்தான் வாயெடுத்தான்.

"ராணிதான் வச்சிருக்கா" என்றான் ராஜபாண்டி. "பை கட்டுனது அவதான். வேற யாரு வைப்பா?"

அந்த நிமிஷம் தவசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போதும் அவனுக்குக் கூசுகிறது. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தான். நேற்றே சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டான். ராஜபாண்டிக்குப் பழைய மிஷின் கிடைக்கவில்லை. வேறெங்கேயும் ஆள் எடுக்கவில்லை. அவனுடைய பழைய கேஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அத என் கண்ணுல காட்டாத" என்றுவிட்டான். விஜயராணி வழக்கம்போல் செக்கிங் டேபிளுக்கு வந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. மாதக் கடைசியில் ராஜபாண்டி அவளைக் கமுதிப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறான் என்று யூனிட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவசி கிளம்பினான். என்ன ஆனாலும் சரி, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வரிசை வீடுகளில் நான்காவது வீடு. ராஜபாண்டி கதவருகே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வா மச்சான். ஒத்துக்கிட்டா. நேத்துதான் ஒத்துக்கிட்டா" என்றான் எடுத்த எடுப்பில்.

"என்னத்த?"

"அவதான் வச்சாளாம். அங்க போயி உதவட்டும்னு வச்சாளாம். மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் கத்தியிருப்பனா? நான் என்ன அவ்வளவு கெட்டவனா?" குழம்பை ஊற்றிப் பிசைந்தான். "இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அவ ஆத்தா வீட்டுல இருக்கட்டும். இங்க ரெண்டு பேரு திங்கிறதுக்கு வழி இல்ல. அவளப் பாத்தா எனக்கு அந்த ஆபீசரு சிரிச்சதுதான் ஞாபகம் வருது."

தவசி பின்பக்கம் போனான். விஜயராணி குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ வைக்கலேல்ல தங்கச்சி?"

"இல்லண்ணே."

"பெறகு எதுக்கு வச்சேன்னு சொன்ன?"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "வைக்கலன்னு சொன்னா நம்பல. நான் ஆக்குன சோத்தத் தொட மாட்டேன்னு ஆறு நாளு டீயும் பன்னுமா கெடந்தாரு. வச்சேன்னதும் தட்டப் போடுன்னுட்டாரு. பசியில கெடக்குற ஆளுகிட்ட நெசம் பேசி என்ன ஆகப் போகுது?"

"தங்கச்சி, அது வந்து..."

"விடுங்கண்ணே. ஊரே என்னைத்தான் சொல்லுது. நீங்க ஒருத்தராவது வந்து கேட்டீங்களே."

 அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தான்.

மாதக் கடைசி நாளில் யூனிட்டில் ஒரே அவசரம். மறுநாள் லாரி ஏற வேண்டிய டி-ஷர்ட்டுகள் செக்கிங் டேபிளில் குவிந்திருந்தன. தையல் விட்ட பீஸில், விட்ட இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். துணிக்கட்டின் மேல் எழுதியிருக்கும் டெய்லர் நம்பரைப் பார்த்து, தைத்தவனிடமே அது திரும்பிவிடும். தவசியின் நம்பர் ஒன்பது. அன்று ஒரு பீஸ் கூட அவனிடம் திரும்பவில்லை.

டீ பெல் அடித்ததும் விஜயராணி அவன் மிஷின் பக்கம் வந்தாள். சாயங்காலம் அவளுக்குப் பஸ்.

"உங்க பீஸு பதினொண்ணுல நூல் விட்டிருந்துச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "மயில்சாமி அண்ணன் வேற கோவத்துல இருக்காரு. அதான் ஸ்டிக்கர் ஒட்டல. நானே பிரிச்சு, பீகார் அண்ணங்கிட்டக் குடுத்துத் தைச்சு வாங்கி உள்ள வச்சுட்டேன். இனிமே யாரு செக்கிங்குக்கு வருவாளோ, பாத்துத் தைங்க."

தவசி எழுந்து நின்றான். தங்கச்சி என்று கூப்பிட்டானா, நினைத்ததோடு சரியா, அவனுக்கே தெரியவில்லை. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

செக்கிங் பெண்கள் ஸ்டிக்கர்களைக் கைக்கெட்டும்படி உரித்துத் தங்கள் இடது கையில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். ஒட்டாமல் மிச்சமான பதினொன்றும் அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அப்படியே இருந்தன. அத்தனை சிவப்பு அம்பும் அவளையே காட்டிக்கொண்டு போயின.