கதவு விளக்கு

எனக்குக் காது மந்தம். செவிடு என்று யாராவது சொன்னால் கோபம் வரும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், தள்ளி நின்று பேசினால் கேட்காது, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித்தான் நிக்காஹ் நடந்தது. மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று ஒருத்தரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது.

என் வீட்டுக்காரர் நாகூர் மீரானுக்கு உக்கடத்தில் டிவி ரிப்பேர் கடை. வீடு கோட்டைமேட்டில். சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவார். நான் பின்கட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன், கேட்காது. அவர் தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இப்போதுதான் வந்தவர் மாதிரி நிற்பார். ஒருநாளும் கத்திக் கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் கொல்லைப்புறச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு ரொம்ப நேரமா நிக்கறாருங்க" என்று சொன்னால்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய்த் திறந்தால், "இப்பத்தான் வந்தேன்" என்பார். பச்சைப் பொய்.

அதற்காகத்தான் அந்த விளக்கு. கதவைத் தட்டினால் வீட்டுக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். முதலில் ஒயர்களைக் கண்டபடி முறுக்கி ஒன்று செய்தார். குக்கர் விசில் அடித்தாலும் அது எரிந்தது. கரண்டியும் கையுமாக மூன்று முறை வாசலுக்கு ஓடி, திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கு ஒழுங்கா ஒரு போர்டு போடோணும் குல்சும். கதவுச் சத்தத்துக்கு மட்டும் எரியற மாதிரி செஞ்சுபோடறேன்."

போர்டு என்றால் டிவிக்குள் இருக்குமே, செம்புக் கோடு ஓடும் அட்டை, அதுதான். அதுவரை அவர் செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் பேனாவால் கோடு இழுத்து, ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவார். மை படாத செம்பு கரைந்துபோகும். மெல்லிய கோடாக இருந்தால் மையோடு சேர்ந்து அதுவும் போய்விடும். என் குளியலறைத் தரை முழுக்க மஞ்சள் கறைதான் மிச்சம். இந்த முறை கம்ப்யூட்டரில் வரையப்போகிறேன் என்றார்.

கம்ப்யூட்டரை அவருடைய சிநேகிதர் ரங்கராஜ் பிடித்துக் கொடுத்தார். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியன். மில் ஆபீஸில் கழித்துப்போட்ட பெட்டி. அது வந்த நாளிலிருந்து நான் அதைச் சக்களத்தி என்றுதான் கூப்பிட்டேன். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும், இவர் அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போர்டு வரைகிற வெளிநாட்டு சாஃப்ட்வேர்களின் விலையைக் கேட்டால் சூலூர்ப் பக்கம் ஒரு வீட்டு சைட்டே வாங்கிவிடலாம். புனேயில் யாரோ ஒருத்தர் தனி ஆளாக எழுதி, ஒரு பெருநாள் சேலை விலைக்கு விற்கிறார் என்று விளம்பரம் பார்த்தார் இவர். அந்த மனுஷன் முதலில் ஒரு பிளாப்பியை இனாமாக அனுப்பினார். அதில் வரையலாம். வரைந்ததைச் சேமிக்க முடியாது, அச்செடுக்கவும் முடியாது. பணம் அனுப்பினால் கடிதத்தில் ஒரு நம்பர் வரும். அதைத் தட்டிவிட்டால் பூட்டுத் திறந்துகொள்ளும்.

இவர் பணம் அனுப்பினார். புத்தியுள்ளவன் நம்பர் வரும்வரை காத்திருப்பான். இவர் மறுநாளே வரைய உட்கார்ந்துவிட்டார்.

"அணைச்சா எல்லாம் போயிருமுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அணைச்சாத்தானே போகும்? அணைக்காம இருந்தாப் போச்சு. நம்பர் வந்ததும் சேமிச்சுக்கலாம்."

பழைய லாரி பேட்டரியில் இன்வெர்ட்டர் ஒன்று செய்து பெட்டியோடு இணைத்தார். கரண்ட் போனால் ஒரு மணி நேரம் தாங்கும். சார்ஜ் தீரப்போகும்போது கீ கீ என்று கத்தும் என்றார். எனக்கு அது கேட்காது என்பது ஞாபகம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சின்ன விளக்கையும் அதில் பொருத்தினார். பன்னிரண்டு நாள் வரைந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, "முடிஞ்சுது குல்சும். நம்பர் வந்தாச் சரி" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். நாற்பத்தொரு வயது.

மய்யித்தைக் கிடத்த இடம் ஒதுக்கும்போது யாரோ அந்தப் பெட்டியின் ஒயரில் கை வைத்தார்கள். "கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

அன்றிலிருந்து இத்தா. நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. நாற்பதாம் நாள் பாத்திஹாவோடு சொந்தபந்தம் கலைந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தங்கை ஹுமேரா தையல் வேலை முடித்து ராத்திரித் துணைக்கு வந்து பக்கத்து அறையில் படுத்துக்கொள்வாள். பகலெல்லாம் நானும் சக்களத்தியும்தான். உள் அறையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தினமும் ஒருமுறை திரையைப் போட்டுப் பார்ப்பேன். சிவப்பிலும் பச்சையிலும் கோடு கோடாக இருக்கும். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒவ்வொரு கோடும் அவர் உட்கார்ந்து இழுத்தது.

ஐம்பதாம் நாள் வாக்கில் வெங்கடம்மாள் மோர் கொண்டு வந்தாள். பேச்சோடு பேச்சாக, "தபால்காரரு ரெண்டு நா வந்து கதவத் தட்டுனாருங்க. ரிஜிஸ்டர் தபாலாமா. நாந்தானுங்க சொன்னேன், அவரு தவறிட்டாருங்க, அந்தம்மா நாலு மாசத்துக்கு ஆம்பளைங்க முன்னால வராதுங்க, பாவம், தட்டித் தொந்தரவு பண்ணாதீங்கன்னு" என்றாள்.

அது புனேக்காரர் அனுப்பிய நம்பர்தான் என்று உடனே புரிந்தது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கு மரியாதை செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு?

ஹுமேரா போய்ச் சொல்ல, ரங்கராஜ் ஓடி வந்தார். தபாலாபீசில் விசாரித்துவிட்டுத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். அவர் சொன்னது தெருவுக்கே முழுசாகக் கேட்டிருக்கும். எனக்குப் பாதிதான் கேட்டது, மீதியை ஹுமேரா என் காதருகில் சொன்னாள். பெறுபவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கடிதத்தைப் புனேவுக்கே திருப்பிவிட்டார்கள். அந்த மனுஷனிடம் போன் கிடையாது, கடிதம்தான் போட வேண்டும்.

"அம்மணி, நா இன்னொரு வழி சொல்றேனுங்க. நீங்க ரெண்டு நா ஹுமேரா அறையில இருந்துக்குங்க. நா உள்ள உக்காந்து, திரையப் பாத்துப் பேப்பர்ல வரைஞ்சுபோடறேன். போர்டு வந்தாப் போதுமில்லீங்களா?"

"வேண்டாம்" என்றேன்.

"மதினி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் ஹுமேரா.

"வேண்டாம்னா வேண்டாம். அவரு போட்ட கோடு அவரு போட்டபடியே வரோணும். எம் பேருக்கு அனுப்பச் சொல்லி எழுதச் சொல்லு."

இதைச் சொன்னது என் வாய்தான். இன்றைக்கு வரை அந்த வாயை நான் மன்னிக்கவில்லை.

கடிதம் போன பிறகு, எட்டாம் நாளிலிருந்து நான் உள் அறையில் உட்காரவில்லை. மறுபடி தபால்காரர் தட்டி, மறுபடி எனக்குக் கேட்காமல் போய்விட்டால்? வாசல் கதவை ஒட்டி ஸ்டூல் போட்டு, கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டினால் காது ஏமாற்றினாலும் கை ஏமாற்றாதே. சைக்கிள் போனால்கூடக் கையில் லேசாகத் தெரியும். காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் தபால் நேரம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன். கை மரத்துப்போகும், மாற்றி மாற்றி வைப்பேன். இதே கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவர் அத்தனை சாயங்காலம் நின்றார். இந்தப் பலகையில்தான் தட்டியிருக்கிறார். முன்னாலேயே ஒருநாள் இப்படி வந்து கை வைத்திருக்கலாமே என்று நினைத்து நினைத்து மருகினேன்.

பதினாறாம் நாள் மதியம் பன்னிரண்டரை இருக்கும். டக் டக் டக் என்று மூன்று தட்டு, உள்ளங்கையில் விழுந்தது. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். தாளும் பேனாவும் நீண்டன. உம்மல் குல்சும் என்று கையெழுத்துப் போட்டேன். உறையைக் கிழித்தால் உள்ளே சின்னச் சீட்டில் பன்னிரண்டு எண்கள். அடியில் உங்கள் கணவருக்காக வருந்துகிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

திரையைப் போட்டேன். வரவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். மின்விசிறி ஸ்விட்சைப் போட்டேன், அதுவும் சுற்றவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வேலையாம், வெங்கடம்மாள் பிற்பாடு சொன்னாள். வாசல் அறையில் விசிறி கிடையாது, பகலில் விளக்கும் போடுவதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? இன்வெர்ட்டர் கத்தியிருக்கும். அவர் வைத்த சின்ன விளக்கும் எரிந்து எரிந்து ஓய்ந்திருக்கும். நான் கதவடியில் இருந்தேன்.

அந்த போர்டு மட்டும் இருந்திருந்தால் நான் உள்ளேயே இருந்து கதவையும் காத்திருப்பேன், பெட்டியையும் காத்திருப்பேன். அன்றைக்குத்தான் அழுதேன். மய்யித்து எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் ஹுமேரா அறையில் போய் உட்கார்ந்துகொள்ள, ரங்கராஜ் வந்து பெட்டியைப் போட்டார். பிளாப்பியைச் செருகினார். கறுப்புத் திரை, ஒரு கோடுகூட இல்லை. நம்பரைத் தட்டினார். பூட்டுத் திறந்துகொண்டது. இனிமேல் என்ன வரைந்தாலும் சேமிக்கலாம் என்றார். எல்லாம் ஹுமேரா வந்து சொன்னாள்.

"அம்மணி," என்று கடைசியில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரங்கராஜ் கத்தினார், "இப்ப என்னங்க செய்யறது?"

"சேமிச்சு வைங்க" என்றேன்.

"ஒண்ணுமே இல்லீங்களே!"

"பரவால்லீங்க. அவரு பேர்ல சேமிச்சு வைங்க."

சேமித்தார். பிறகு என் சம்மதத்தோடு, என் வீட்டுக்காரர் போய் எழுபது நாளைக்கு அப்புறம், அந்தப் பெட்டியை அணைத்தார். ரங்கராஜ் கிளம்பிப் போனதும் நான் வாசலுக்கு வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, பழக்கத்தில், பலகையில் கையை வைத்தேன்.