எட்டு வீட்டுத் தண்ணீர்

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மோயலாங்கி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, அளவு குறித்த மூங்கில் கோலை உள்ளே இறக்கினாள். ஈரம் முழங்கால் உயரத்துக்குக்கூட ஏறவில்லை. அளவு தப்பாக இருக்குமோ என்று துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். அதேதான். நோட்டில் எழுதினாள்: மூவாயிரத்து இருநூறு லிட்டர். மழை பெய்து ஐம்பத்து மூன்று நாள்.

தொட்டி கிறிஸ்தவ சபையின் பழைய கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி நின்றது. ஊரிலேயே பெரிய கூரை அந்தக் கோயிலுடையது. கூரையில் விழும் மழையெல்லாம் தொட்டிக்குள் வரும். பத்து நாளாகச் சபை அதன் குழாயைப் பூட்டி வைத்திருந்தது; சாவி, மகளிர் குழு சார்பில், மோயலாங்கியிடம். எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமேல் இருக்கும் ஊர். ஆறு கிடையாது, கிணறு தோண்டவும் முடியாது. தென்கடல் நடுவே கிடக்கும் சவாயி தீவின் இந்தப் பக்கத்தில் வானம்தான் குழாய்.

கோயிலுக்கு அடுத்த மனையில் புதிய கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. மணிக்கூண்டின் உச்சித் தளம் மட்டும் பாக்கி. அதன் கீழே அவள் புருஷன் ஃபெரெத்தியும் சபை மூப்பர் பெசமினோவும் நின்றிருந்தார்கள். ஃபெரெத்திதான் தலைமைக் கொத்தனார்.

"எவ்வளவு இருக்கு?" என்று கீழிருந்து கத்தினான் ஃபெரெத்தி.

சொன்னாள்.

"போதும். கலவைக்கு, மிஷின் கழுவ எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம். மிச்சம் ஏழு நாள் தளத்தை நனைக்க. சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள ஊத்தி முடிச்சிரலாம்."

மோயலாங்கி இறங்கி வந்தாள். "அப்ப மேட்டுல இருக்கிற எட்டு வீட்டுக்கும் குடிக்க?"

"அடுத்த வாரம் தண்ணி லாரி வருதும்மா" என்றார் பெசமினோ.

"போன வாரமும் அடுத்த வாரம்னுதான் சொன்னாங்க, மூப்பரே. கரையோரக் குளத்துத் தண்ணியில கலவை போட முடியாதா?"

ஃபெரெத்தி சிரித்தான். "பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறவ கேக்குற கேள்வியா இது? அதுல கடல் கலந்திருக்கு. உப்பு பட்டா உள்ள இருக்கிற கம்பி அரிச்சிரும். பத்து வருஷத்துல கூண்டு வெடிச்சுப் பிளந்துரும்."

"கம்பிக்கு ஆகாத அந்தத் தண்ணியத்தான் மேட்டுப் பிள்ளைங்க பத்து நாளா குடிக்குதுங்க."

ஃபெரெத்தியின் சிரிப்பு நின்றது. பெசமினோ மெதுவாகப் பேசினார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "எனக்கு மட்டும் வருத்தமில்லையா? என் வீட்டுக் கூரையும்தான் ஒழுகுது. பதினாறு வருஷமா ஒட்டுப்போட்டுக் கிடக்கேன். என் மகன் ஆக்லாந்துல கோழி வெட்டுற வேலை பார்த்து அனுப்பினது அத்தனையும் இந்தச் சுவருக்குள்ள இருக்கு. ஆறு வாரத்துல பிரதிஷ்டை. அங்கேருந்து நாப்பது பேர் டிக்கெட் எடுத்துட்டாங்க. கலவை மிஷின் சனிக்கிழமை ஒரு நாளைக்குத்தான் கிடைச்சிருக்கு. அதோட, அந்தத் தொட்டியே மேட்டுக்காரங்க கர்த்தருக்குக் குடுத்த காணிக்கை. நீதானே வாசிச்ச?"

அவளுக்கு முகம் சுட்டது. "ஆமா" என்றாள்.

வாசித்தது அவள்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், எந்தக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்று பெயர் சொல்லி உரக்க வாசிக்க வேண்டும். குரல் தெளிவாக இருக்கிறது என்று அவளைச் செயலர் ஆக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சபை நன்றி சொல்லும். ஒன்றும் கொடுக்காத வீட்டையும் விடக்கூடாது. பெயரைச் சொல்லி, 'ஒன்றும் இல்லை' என்று வாசிக்க வேண்டும். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. வீசிக்கொண்டிருக்கும் கை விசிறிகள்கூட நின்றுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் சூறாவளி வந்து மேட்டிலிருந்த எட்டு வீடுகளின் வாழையையும் டாரோ கிழங்கையும் பிடுங்கிப்போனது. அந்த மாதம் எட்டுப் பெயருக்கு நேரேயும் ஒன்றும் இல்லை. அதே வாரம் கப்பலில் தொட்டி வந்திறங்கியது, ஆக்லாந்திலிருக்கும் அவர்கள் உறவினர் அனுப்பியது. கூட வந்த கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது: இது மேட்டு வீடுகளின் குடிநீருக்கு; அங்கே பெரிய கூரை இல்லாததால் கோயில் கூரையோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூன்றாவது வரிசையில் மேட்டு வீட்டு லெயித்து அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மோயலாங்கியின் வாய் தானாகவே வேறு ஒன்றை வாசித்தது: "மேட்டு எட்டு வீட்டார், ஆக்லாந்து உறவினர் வழியாக, கர்த்தருடைய ஆலயத்துக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று." சபை அதிர நன்றி சொன்னது. போதகர் தொட்டியின்மேல் கைவைத்து ஜெபித்தார். லெயித்து நிமிர்ந்தாள்.

நல்லது செய்துவிட்டதாகவே மோயலாங்கி நினைத்திருந்தாள். மழை இருந்தவரை அதில் தப்பும் தெரியவில்லை. எல்லோரும் தண்ணீர் பிடித்தார்கள். இப்போது தொட்டி கோயிலுடையது, கோயிலுக்குத் தாகம்.

அன்று மாலையே மேட்டுக்கு ஏறினாள். லெயித்து அவள் பெரியம்மாவின் மகள். சுவரில்லாத வீட்டில் பாயில் உட்கார்ந்து, மடியில் மகள் இயூனியைக் கிடத்தியிருந்தாள். நாலு வயசுப் பிள்ளை, உதடு வெடித்துக் கிடந்தது.

"வா வா, தொட்டிக்கார அம்மா" என்றாள் லெயித்து. "சாவிய ஆட்டிக் காட்டிட்டுப் போலாம்னு வந்தியா?"

"பிள்ளைக்கு என்னக்கா?"

"மூணு நாளா வயித்தால போகுது. நர்சு வந்துச்சு. சுத்தமான தண்ணிய கொதிக்க வச்சுக் குடுன்னுச்சு. எங்கேருந்துன்னு கேட்டேன். அதுக்கு நர்சம்மா வானத்தப் பாத்துச்சு."

மோயலாங்கி கொண்டுவந்திருந்த ஐந்து லிட்டர் கேனை நீட்டினாள். தன் வீட்டில் குடிக்க எடுத்து வைத்திருந்தது. லெயித்து வாங்கிப் பின்னால் வைத்தாள்.

"அக்கா, அந்தத் தொட்டி உங்களுக்குன்னு வந்தது. நான்தான் மாத்தி வாசிச்சேன். கடுதாசி என்கிட்ட இருக்கு. சனிக்கிழமைக்கு முன்னாடி சபையில சொல்லிர்றேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் தம்பி அனுப்பினது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ வாசிக்கிறப்பவே தெரியும். இவ ஏன் இப்படிச் சொல்றான்னு பாத்தேன். அப்புறம் எல்லாரும் நன்றி சொன்னாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன்." ஈரத் துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். "நீ சொல்லாத."

"ஏன்க்கா?"

"தொட்டி எங்க காணிக்கை இல்லைன்னு சொன்னா, அடுத்து பெசமினோ என்ன கேப்பாரு? 'அப்ப அந்த மாசம் இவங்க என்ன குடுத்தாங்க?' எட்டுப் பேரையும் ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்வாரு. தாகம் ஒரு மழையில தீரும். அது தீராது. என் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசணும். புருஷன் கோயில் வேலைக்கு தினம் இலவசமா கல்லு சுமக்கிறாரு, குடுக்க வேற இல்லைன்னு. அந்த மனுஷன் மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என் பிள்ளைய வச்சு என்ன மிரட்டாத!" என்றாள் லெயித்து. பிறகு குரல் இறங்கியது. "எங்க பேர்ல கை வைக்காத, மோயலாங்கி. ஒரு தடவ வச்சது போதும்."

பாறைப் பாதையில் இறங்கும்போது மோயலாங்கிக்குத் தன்மீதே சந்தேகம் வந்தது. பிள்ளைக்காகச் சொல்ல நினைக்கிறோமா, இரண்டு வருஷப் பொய்யை இறக்கி வைக்க நினைக்கிறோமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றாள். பிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை போதகரிடம் போய், காணிக்கை பற்றி ஒன்றும் சொல்லாமல், மேட்டுக்குப் பாதித் தண்ணீராவது விடலாமா என்று கேட்டாள். "சபை தீர்மானிச்சத நான் எப்படி மாத்துறது?" என்று அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடிக்காமல் எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே ஊர் கூடிவிட்டது. கலவை மிஷின் பாதையின் குறுக்கே நின்றது. முப்பது சிமெண்டு மூட்டை பிரித்தாகிவிட்டது. வாளி கைமாற்ற ஆண்கள் சாரத்தில் படிக்கொருவராக ஏறி நின்றார்கள். அவர்களில் மேட்டு வீட்டு ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய தொட்டிக் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டித் தயாராக இருந்தது.

"தெற, மோயலாங்கி" என்றான் ஃபெரெத்தி. "வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மேல போயிரணும்."

சாவி கையில் இருந்தது. அப்போது மேட்டுப் பாதையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு பிக்கப் வண்டி குலுங்கிக்கொண்டு இறங்கி, மிஷினுக்கு முன் வழியில்லாமல் நின்றது. பின்தட்டில் லெயித்துவும் அவள் புருஷனும். லெயித்துவின் கையில் துணி சுற்றிய இயூனி.

"மிஷின நகத்துங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று டிரைவர் கத்தினான்.

ஆண்கள் ஓடி வந்து மிஷினைத் தள்ளினார்கள். சக்கரம் சரளையில் புதைந்திருந்தது, கொஞ்சமும் அசையவில்லை. மோயலாங்கி வண்டியருகே போனாள். இயூனியின் கண்கள் பாதி திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும் என்று தோன்றியது. மேட்டில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தன. வகுப்பில் அவள் தினமும் எண்ணும் பிள்ளைகள்.

அவள் திரும்பினாள். "பூட்டைத் திறக்க மாட்டேன்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. "என்னது?" என்றான் ஃபெரெத்தி.

"இந்தத் தொட்டி கோயிலுக்கு வந்தது இல்ல. மேட்டு வீட்டுக் குடிதண்ணிக்குன்னு வந்தது. கடுதாசி இதோ. நான் மாத்தி வாசிச்சேன். பொய்யா வாசிச்சேன்." மடித்த தாளைப் பெசமினோவிடம் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டு, அவசரமில்லாமல் இரண்டு முறை படித்தார். மிஷினைத் தள்ளியவர்கள் தள்ளுவதை விட்டு நின்றார்கள்.

"கர்த்தருடைய சந்நிதியில பொய் வாசிச்சிருக்க."

"ஆமா."

"ஏன்?"

அவள் வண்டியின் பின்தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த மாசம் மேட்டு வீடுங்க குடுத்தது என்ன?" என்று கேட்டார் பெசமினோ. அவர் குரலில் பகையில்லை. கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான். "உண்மைய வாசி. சபை இங்கதான் இருக்கு."

மோயலாங்கி நிமிர்ந்து பார்த்தாள். லெயித்து அவளையே பார்த்தபடி, வேண்டாம் என்று தலையை மிக லேசாக ஆட்டினாள். சாரத்தில் நின்ற மேட்டு ஆண்கள் கையிலிருந்த வாளிகளைப் பார்த்தார்கள்.

"ஒன்றும் இல்லை" என்றாள் மோயலாங்கி. "எட்டு வீட்டுக்கும். சூறாவளி அடிச்ச மாசம் அது."

 லெயித்துவின் புருஷன் பின்தட்டிலிருந்து குதித்து, தனி ஆளாக மிஷினின் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஃபெரெத்தி போய்ப் பக்கத்தில் தோள் கொடுத்தான். சக்கரம் எழும்பியது. வழி கிடைத்தது.

வண்டி கிளம்பும் முன் லெயித்து குனிந்தாள். "இனிமே எங்க பேர நீ வாசிக்காத. நான் எந்திரிச்சு நானே சொல்லிக்கிறேன்." அவள் கண்ணில் நீரில்லை. வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பி மறைந்தது.

"காணிக்கை நோட்டக் குடு. நீ இனி செயலர் இல்ல" என்றார் பெசமினோ.

கொடுத்தாள்.

"சாவி?"

"சாவி மகளிர் குழுவோடது, மூப்பரே. வேணும்னா அவங்ககிட்ட கேளுங்க."

பெசமினோ கொக்கோ பானைப் பக்கம் பார்த்தார். பெண்கள் யாரும் எழவில்லை. யாரும் கை நீட்டவும் இல்லை.

ஃபெரெத்தி அவளிடம் வந்தான். முகமெல்லாம் சிமெண்டுத் தூசி. "முப்பது மூட்டை பிரிச்சு வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள காத்துல கட்டி தட்டிரும். மிஷின் போனா மறுபடி எப்ப வரும்னு தெரியாது. அந்த நாப்பது பேர் வந்து மொட்டைக் கூண்டத்தான் பாக்கணும். எனக்கு ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

யோசித்தான். "பூட்ட ஒடச்சிருப்பேன்" என்றான் உண்மையாகவே. பிறகு குழாயருகே குனிந்து ஹோஸைக் கழற்றி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மிஷினை அணைக்கப் போனான்.

சாரத்திலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் வீட்டுக்கு நடந்தார்கள். மேட்டு ஆண்கள் ஒன்றாக நின்றார்கள். எங்கே போவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. பெசமினோ தார்ப்பாயை இழுத்து, பிரித்த மூட்டைகளைத் தனியாக மூடிக்கொண்டிருந்தார். ஒரு நுனியை இழுத்தால் மறு நுனி விலகியது. உதவப் போகலாமா என்று மோயலாங்கிக்குத் தோன்றியது. போகவில்லை.

பூட்டைத் திறந்தாள். மேட்டு ஆண்களில் ஒருவன் கலவை வாளியைக் குளத்து நீரில் கழுவிக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், குழாயடியில் வைத்தான்.

வாளி நிரம்பியது. "அடுத்தது" என்றாள்.  அடுத்ததை வைத்தார்கள்.