பதினொன்றரை மணிப் போன்

பனித்தீவு கேளிக்கைப் பூங்காவின் ஓட்டலில் டிசம்பர் இருபதிலிருந்து புது வருஷம் பிறந்து இரண்டு நாள் வரைக்கும் அறைகளை மூன்று வயசு நிரம்பாதவர்கள் பெயரில்தான் கொடுப்பார்கள். கூட வந்திருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று அந்தக் குழந்தைதான் சொல்ல வேண்டும். அது வாய் திறந்து என்ன சொல்கிறதோ அது பதிவேட்டில் ஏறும். தங்கியிருக்கிற நாள் முழுக்க அந்தப் பெரியவர் அதுவாகவே இருப்பார். ஆதார் அட்டையை நீட்டினால் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். வாங்கி, ஆடுகிற கட்டில் எதுவோ அதன் காலுக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் வில்லங்கம் ஒன்றும் வருவதில்லை. அம்மா என்றால் அம்மா, மாமா என்றால் மாமா. போன வருஷம் பெரியப்பா ஒருவரைப் பார்த்துக் குழந்தை ‘பூச்சாண்டி’ என்று சொல்லிவிட்டது. மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் மூன்று நாளும் பூங்காவின் பேய் வீட்டில் தங்கினார். காற்றோட்டம் நன்றாக இருந்தது என்று போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டும் போனார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டாம் நாள் மத்தியானம் கிளாட்வின் குடும்பத்தோடு அங்கே போய் இறங்கினான். ஊர் மார்த்தாண்டம். வேலை மஸ்கட்டில், ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அவன் பெட்டி கட்டிப் போனபோது மனைவி சுபிதாவுக்கு ஐந்தாம் மாசம். இப்போது மகள் ரெனிஷாவுக்கு ஒரு வயசும் பத்து மாசமும். பதினெட்டு நாள் லீவில் வந்தவனுக்கு முப்பதாம் தேதி திரும்பிப் போக டிக்கெட்.

வரவேற்பு மேசையில் தலையில் மான் கொம்பு மாட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சுபிதா ரெனிஷாவைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தாள்.

“இது யாரு செல்லம்?” என்று கொம்புக்காரி சுபிதாவைக் காட்டினாள்.

“அம்மா.”

“இது?”

ரெனிஷா கிளாட்வினை ஏற இறங்கப் பார்த்தது. யோசிக்கவே இல்லை.

“போன்.”

கொம்புக்காரி எழுதிக்கொண்டாள். “பழசா புதுசா?” என்று மட்டும் கேட்டாள். கிளாட்வினுக்கு முப்பத்திரண்டு வயசு என்றாள் சுபிதா. கொம்புக்காரி பழசு என்று எழுதினாள்.

பிள்ளையைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மஸ்கட்டில் காலை பத்து மணிக்கு டீ இடைவேளை. நம்மூரில் அப்போது பதினொன்றரை. தினம் அந்த நேரத்துக்கு அவன் கூப்பிடுவான். மணியடித்தால் வீட்டில் யார் முதலில் கேட்டாலும், “ஏய், போன் வந்திருக்கு! மக்களே ஓடியா, போன் வந்திருக்கு!” என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் பிள்ளையை மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை விழுந்தடித்து ஓடி வரும். சுபிதா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பாள். அதில் ஒரு முகம் சிரிக்கும். அந்த முகத்துக்கு அப்பா என்று ஒரு பெயர் இருப்பதை அந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு நாளும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்?

“போன்னா நாலஞ்சு விஷயம் இருக்கு சார்,” என்றாள் கொம்புக்காரி. “சாப்பாட்டு மேசையில கவிழ்ந்து இருக்கணும். பனி, தண்ணி விளையாட்டுக்கு முன்னால லாக்கருக்குப் போயிரணும். தூங்கும்போது பிள்ளையோட தலைமாட்டுல வேண்டாம், பிள்ளைக்கு நல்லதில்ல.”

“சரி,” என்றான் கிளாட்வின்.

“நாளன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு ரூம காலி பண்ணணும். அப்ப இன்னொரு தடவை பிள்ளைகிட்டக் கேட்போம். அப்ப சொல்றதுதான் நிலைக்கும்.”

அறை நன்றாக இருந்தது. சுவரெல்லாம் பனிக்கரடி, ஜன்னலுக்கு வெளியே ராட்டினம். ரெனிஷா நேராகக் கிளாட்வினின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரிப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தது. இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. அவனுக்கும் வேறென்ன தெரியும்? சிரித்தான். “மக்களே சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?” என்றான். இத்தனை நாளும் போனில் அதைத்தானே கேட்டான். பிள்ளை தன் பொம்மையை அவன் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து காட்டியது. செருப்பைக் காட்டியது. பிறகு சலித்துப் போய், சுபிதாவைத் தூக்கச் சொல்லி, அவன் மூக்கில் விரலை வைத்து அழுத்தியது.

அப்படி அழுத்தினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கிளாட்வின் அறையை விட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றான். வந்த நாளிலிருந்தே வீட்டிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். போகாமல் நின்றால் பிள்ளை பயந்துவிடுமோ என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

மறுநாள் பனிக்கூடத்துக்குப் போனார்கள். வெளியே வேர்த்துக் கொட்டுகிற வெயில். உள்ளே இயந்திரம் பனி தூவுகிறது. சுபிதாவுக்கும் பிள்ளைக்கும் கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு, கிளாட்வினை லாக்கர் அறைக்கு அனுப்பினார்கள். நாற்பத்தொன்றாம் எண். உள்ளே ஸ்டூல் ஒன்று போட்டிருந்தது, வசதிக்குக் குறைச்சல் இல்லை. பக்கத்து லாக்கரில் கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தார்.

“எங்க இருந்து?” என்றார் அவர்.

“மஸ்கட். நீங்க அண்ணே?”

“நான் கப்பல்ல. சிக்னல் கிடைச்சாத்தான் பேச்சு. அதனால பையன் என்னப் பார்த்ததும் ஹலோ ஹலோங்கிறான், பதிலுக்குக் காத்திருக்க மாட்டேங்கிறான்.”

கீழ் லாக்கரிலிருந்து ஒரு முனகல் கேட்டது. கோயம்புத்தூர்க்காரர். தினம் வீட்டிலேதான் இருக்கிறாராம். மகள் ‘லேப்டாப்’ என்று சொல்லிவிட்டாள். அவரை இரண்டாக மடித்து வைத்திருந்தார்கள். இடுப்புதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்.

“எத்தன நாள் லீவு தம்பி?” என்றார் கப்பல்காரர்.

“முப்பதாம் தேதி போறேன்.”

“நாளைக்குக் கேட்கும்போது மாத்திச் சொல்லுமா?”

கிளாட்வின் ஸ்டூலைத் துவாரத்துப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். போனாக இருப்பதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை, பழகிவிட்டது. ஆனால் ஒரே ஒரு தடவை, நேராக அவன் மூஞ்சியைப் பார்த்து, அந்தப் பிள்ளை அப்பா என்று கூப்பிட்டுக் கேட்காமல் விமானம் ஏறினால் அடுத்த இரண்டு வருஷத்தை எப்படித் தள்ளுவது? லாக்கரின் துவாரம் வழியாகப் பார்த்தான். தூரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தொப்பி கண்ணை மறைக்க, ரெனிஷா பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அறையில் வைத்துச் சுபிதா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள்.

“மக்களே, இது அப்பா. சொல்லு, அப்... பா.”

“அப்பா,” என்றது ரெனிஷா. வார்த்தை சுத்தமாக வந்தது.

“ஐயோ என் தங்கமே! அப்போ இது யாரு?”

“போன்.”

எட்டுத் தடவை சொல்லிக் கொடுத்தாள், எட்டுத் தடவையும் அதே கதைதான். வார்த்தை வந்தது, வந்து சும்மா நின்றது, போய் ஒட்டுவதற்கு ஆள் இல்லை. சுபிதா கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“எல்லாம் நான் பண்ணின கூத்துதான். அப்பா கூப்பிடுறாங்கன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா என்ன, வாய் தேஞ்சா போயிருக்கும்? போன் வந்திருக்கு போன் வந்திருக்குன்னு கத்திக் கத்தி உங்களை இப்பிடி ஆக்கிட்டேன்.”

“சும்மா இரு சுபி. பிள்ள பார்க்குது.”

அவன் சுவரில் சாய்ந்தபடியேதான் இதைச் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு ஜன்னலோரத்தில் படுக்கை. பிள்ளையின் தலைமாட்டில் கூடாது என்றிருந்தார்களே.

கடைசி நாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் எள் விழ இடமில்லை. நாலாவது மேசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வெள்ளைத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் தட்டு நிறைய இட்லி கொண்டுவந்து வைத்தார்கள். கிளாட்வின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒழுங்காக, ஒரு கன்னத்தை மேசைமேல் வைத்துக் கவிழ்ந்துகொண்டான். மேசை குளுகுளுவென்று இருந்தது. சாம்பார் வாசனை மட்டும் வந்தது. அவனுக்குத் தனியாகப் பிறகு வராந்தாவில் கொடுப்பார்கள்.

ரெனிஷாவுக்குச் சுபிதா இட்லியைப் பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கியதும் பிள்ளைக்கு ஏதோ ஞாபகம் வந்தது. வீட்டில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. தான் சாப்பிடும்போது போனுக்கும் ஊட்டும். சோற்றை எடுத்து அந்த முகத்தின் வாய்க்கு நேராக அப்பும். முகம் “ஆ... ஆ...” என்று வாயைத் திறக்கும், மெல்லுவது மாதிரி நடிக்கும், சோறோ வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். எத்தனை முறை துடைத்தாலும் அந்தப் போனில் ரசவாசனை போகாது. தினம் ஊட்டியும் ஒரு பருக்கை உள்ளே போனதில்லை. பிள்ளைக்கு அது ஒரு குறைதான்.

இப்போது அது நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து, இரண்டு கையாலும் கிளாட்வினின் காதைப் பிடித்துத் திருப்பியது. மேசையில் போனைத் திருப்பக் கூடாது. ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். ரெனிஷா ஒரு துண்டு இட்லியை எடுத்து அவன் வாயில் வைத்து அழுத்தியது.

கிளாட்வின் வாயைத் திறந்தான். இட்லி உள்ளே போயிற்று.

பிள்ளை கையைப் பார்த்தது. மேசையைப் பார்த்தது. அவன் சட்டைமேல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது. அவன் வாயை இரண்டு விரலால் விலக்கி உள்ளேயும் பார்த்தது. எங்கேயும் இல்லை. அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அந்தத் தொண்டையில் கை வைத்துப் பார்த்தது. இன்னொரு துண்டு கொடுத்தது, அதுவும் போயிற்று. அப்புறம் நிறுத்தவே இல்லை. ஒன்பது இட்லியை ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டியது. அவனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிள்ளை அதையும் தொட்டு நக்கிப் பார்த்து, உப்பு என்று முகத்தைச் சுளித்தது.

பதினொன்றேகாலுக்குப் பையெல்லாம் கட்டி வரவேற்பு மேசைக்கு வந்தார்கள். கொம்புக்காரி ஆளுக்கு ஒரு துண்டு பிளம் கேக் கொடுத்தாள். பதிவேட்டை விரித்து, பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“இது யாரு செல்லம்?”

“அம்மா.”

“இது?”

மேசைமேல் உட்கார்ந்திருந்த ரெனிஷா கிளாட்வினைப் பார்த்தது. மெதுவாக விரலை நீட்டி அவன் மூக்கில் வைத்து அழுத்தியது. அவன் கால் தன்னால் வாசலைப் பார்த்துத் திரும்பியது. ஆனால் வயிற்றில் ஒன்பது இட்லி இருந்தது. அவ்வளவு கனத்தோடு அவனால் அணைந்து போக முடியவில்லை. அங்கேயே நின்றான். பிள்ளை இன்னும் பலமாக அழுத்தியது. அப்போதும் நின்றான். அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு மறுபடி மறுபடி அழுத்தியது, அவன் மறுபடி மறுபடி போகாமல் நின்றான்.

அப்போது சுபிதாவின் கைப்பையில் போன் அடித்தது. மணி பதினொன்றரை. அவன் ஊருக்கு வந்த நாள் முதல் அந்த நேரத்துக்கு அது அடித்ததில்லை.

சுபிதா எடுத்தாள். திரையில் கிளாட்வின். கம்பெனியின் நீலச் சட்டை, கையில் காகிதக் கப்பில் டீ, பின்னால் மொட்டைமாடியில் வரிசையாக ஏசி இயந்திரங்கள். அவள் போனைக் கேக் டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

“மக்களே, சாப்பிட்டியா?” என்றான் திரையில் இருந்தவன்.

ரெனிஷா அந்த முகத்தைப் பார்த்தது. இந்த முகத்தைப் பார்த்தது. கொம்புக்காரி பேனாவோடு காத்திருந்தாள்.

“போன்,” என்று திரையைத் தொட்டுச் சொன்னது. அப்புறம் எட்டிப் பிடித்து, கிளாட்வினின் கழுத்தில், அந்தத் தொண்டைக் குழியில், கையை வைத்தது.

“அப்பா.”

கொம்புக்காரி இரண்டையும் எழுதிக்கொண்டாள். சுபிதா விசும்பி அழுதாள். கிளாட்வின் பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டான்.

திரையில் இருந்தவன் டீயை ஒரு வாய் குடித்தான். “அது சரிதானே,” என்றான். அப்புறம், “பிள்ள என்ன சாப்பிட்டா?” என்று கேட்டான்.

“இட்லி,” என்றான் கிளாட்வின். “எனக்கும் ஊட்டினா.”

“உனக்கா?”

“ஆமா.”

திரையில் இருந்தவன் கப்பைக் கீழே வைத்தான்.

“உள்ள போச்சா?”

“போச்சு.”

“ம்,” என்றான் அவன். வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அங்கே வெயில் அதிகம் போலிருக்கிறது. “நல்லதாப் போச்சு. லேய், முப்பதாம் தேதி நீ வரணும்னு இல்ல. இங்கத்த வேலைய நான் பார்த்துக்கிறேன். நேரத்துக்குக் கூப்பிடுறேன்.”

“சரி,” என்றான் கிளாட்வின்.

தூரத்தில் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். இடைவேளை முடிந்துவிட்டது. திரையில் இருந்தவன் எழுந்திருக்கப் போனான். அதற்குள் ரெனிஷா கிளாட்வினின் இடுப்பிலிருந்து குனிந்து, கையிலிருந்த கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்துத் திரையில் அந்த வாய்க்கு நேராக வைத்து அழுத்தியது.

அவன் வாயைத் திறந்தான். மென்றான்.

“திராட்சை நிறையப் போட்டிருக்காங்க,” என்றான்.

சுபிதா திரையைத் துடைப்பதற்குக் கைக்குட்டையை எடுத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, மீதிக் கேக்கைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.