ஐம்பத்து மூன்றாம் எண்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாத்தியார் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்காவது சரியாகத் தெரியும் என்றால் அது எனக்குத்தான். வந்தவரை வந்தார் என்று எழுதுவதும் போனவரைப் போனார் என்று எழுதுவதும் என் வேலை. நன்னிலத்துக்குத் தெற்கே ஓர் அரசினர் உயர்நிலைப் பள்ளியில் நான் கிளார்க். பெயர் சாவித்திரி. பிள்ளைகள் கிளார்க்கம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பார்கள். அதிலும் பொய் ஒன்றும் இல்லை.

எழுபத்து மூன்று ஜூனிலிருந்து எழுபத்து நாலு மார்ச்சுக்குள் பதினோராம் வகுப்புக்கு ஏழு வகுப்பாசிரியர்கள். ஒருவர் வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே மாறுதல் உத்தரவு வாங்கிவிட்டார். ஏன் சார் என்று கேட்டால் இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். தண்ணீர் என்ன பாவம் செய்தது? கூலித் தகராறு, மறியல், தெருமுனையில் போலீஸ் லாரி, பத்து நாளைக்கு ஒரு தரம் தடையுத்தரவு. அதைக் கண்டு பயம் என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான். கட்சிக்காரர் யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கினால் கும்பகோணம் போய்விடலாம். கடிதம் கிடைக்காதவர்கள் மெடிக்கல் லீவில் போனார்கள்.

ஆள் இல்லாததால் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். தொண்ணூற்று நாலு பிள்ளைகள், நாற்பது பேருக்குக் கட்டிய அறை. புதுக் கட்டடம் வருகிறது, வருகிறது என்று அஸ்திவாரக் கல் மட்டும் வந்தது. பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். இடத்துக்கு அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, ஒருநாள் ஒற்றைப்படை எண்காரர்கள் உள்ளே, மறுநாள் இரட்டைப்படை எண்காரர்கள் உள்ளே. மற்றவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் காதில் விழுவதை எழுதிக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். அதனால் வருகைப் பதிவும் எண்ணை வைத்துத்தான். ஆசிரியர் எண்ணைச் சொல்வார். உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ ஒரு குரல் "உள்ளேன் ஐயா" என்னும். அவர் தலை நிமிராமல் அடுத்த எண்ணுக்குப் போவார்.

அந்தக் குரல் அந்த எண்ணுக்கு உரியவருடையதுதானா என்று எந்த வாத்தியாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நடவில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவாள். கரையில் நின்று ஆள் எண்ணுகிறவரிடம் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அதையே பிள்ளைகள் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். வயலுக்குப் போனவருக்குப் பக்கத்து எண்காரர் குரல் கொடுத்துவிடுவார். நான் பார்த்தும் பாராதது போல் இருந்தேன். வகுப்பெடுக்க ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று எனக்கு ஓர் எரிச்சல்.

ஐம்பத்து மூன்றாம் எண், அம்சம். அவள் அப்பா கண்ணுசாமி விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். மறியலில் அவரைப் பிடித்துக்கொண்டு போனால் பதினைந்து நாள் வீட்டில் சம்பாத்தியம் இல்லை. அப்போதெல்லாம் அம்சம் தன் அம்மா ராமாயியோடு வயலுக்குப் போவாள். அவளுக்குக் குரல் கொடுப்பவள் அதே தெருவைச் சேர்ந்த நீலாம்பாள், ஐம்பத்தைந்தாம் எண். சாயங்காலம் நீலாம்பாளின் நோட்டை வாங்கிக் காப்பி எடுத்து, கணக்கில் நீலாம்பாளைவிட அதிக மார்க் வாங்குவாள் அம்சம். அவர்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிற முதல் இரண்டு பெண்கள் இவர்கள்தான். நாகப்பட்டினத்தில் மாமன் மகன் தயாராக இருந்தான். இந்த வருஷம் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால் நர்ஸ் வேலைக்குப் படிக்க வைப்பது, இல்லையென்றால் கல்யாணம் என்று ராமாயி சொல்லிவிட்டாள். அம்சம் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, புதன்கிழமை, சப்-இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்தார். தை மாதம் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை, பண்ணை நிலத்தில் அத்துமீறி நுழைந்து விளைந்த கதிரை அறுத்ததாக இருபது பேர் மேல் வழக்கு. பதினாலாவது பெயர், கண்ணுசாமி மகள் அம்சம்.

"இந்தப் பொண்ணு ஸ்கூல்ல இருந்திச்சுன்னு அப்பன் சொல்றாரு. இருந்திச்சாம்மா?" என்று கேட்டார்.

அன்று நான் ஊரில் இல்லை. சம்பளப் பில்லை எடுத்துக்கொண்டு நன்னிலம் சார்நிலைக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் பதவி காலி. பொறுப்பில் இருந்த தமிழாசிரியர் தியாகேசன் அன்று லீவு. அதனால் வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். ஐம்பத்து மூன்றுக்கு நேரே அன்றைக்கு வந்தாள் என்று இருந்தது.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஏம்மா, ஜூன்லேருந்து தொண்ணூத்தி நாலு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு நாள் காய்ச்சல் வரலியா? நல்ல ஊருதான் போங்க. இதை நான் கோர்ட்ல குடுத்தா என்னையும் சேர்த்துச் சிரிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு வகுப்பெடுத்த வாத்தியார் நேரில் வந்து, இதுதான் அம்சம், இவள் அன்று என் வகுப்பில் இருந்தாள் என்று அடையாளம் காட்டினால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகவும் சொன்னார்.

அவர் போனதும் அம்சத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றாள்.

"நெசத்தைச் சொல்லுடி. அன்னிக்கு எங்க இருந்தே? என்கிட்ட புளுகினே, தொலைச்சுப்புடுவேன்."

"மத்த நாளெல்லாம் வரலைம்மா. எவ்வளவு நாளு வரலைன்னு எனக்கே தெரியாது. அன்னிக்கு வந்தேன். சத்தியமா வந்தேன். எங்க முறை வெளில. மரத்தடில உக்காந்து வட்டம் கணக்கு எழுதுனேன்."

அவளை நம்பினேன். வராத நாளை வரவில்லை என்று தானே சொல்கிறவள், வந்த நாளைப் பற்றி எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்? கூடப் படித்த பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அவர்களெல்லாம் ஒரே தெரு. பண்ணைக்கு வேண்டிய மேலத் தெருப் பிள்ளைகளை வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்று வகுப்பெடுத்தவர் பஞ்சநதம். ஏழில் ஐந்தாவது. பொங்கல் முடிந்து வந்து பத்தொன்பது நாள் இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் தொண்டை கட்டக் கட்டக் கத்திப் பாடம் நடத்தியவர். பிறகு அவரையும் பேராவூரணிக்குத் தூக்கிப் போட்டார்கள். தந்தி கொடுத்தேன். வருவார் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. போன வாத்தியார் திரும்பி வந்ததாக என் சர்வீஸில் சரித்திரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை பத்து மணிப் பேருந்தில் மனிதர் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, கண்ணெல்லாம் சிவப்பு. மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"அம்சமா? ஐம்பத்தி மூணுதானே? தெரியாம என்னம்மா!" என்றார் நடந்துகொண்டே. "கணீர்னு குரல் குடுக்குமே அந்தப் பொண்ணு. மரத்தடியிலேருந்து சொன்னாக்கூட கரும்பலகைகிட்ட கேக்கும். அந்த வகுப்புல எனக்குத் தெரிஞ்ச ஒரே முகம் அதுதான். அது மேல கேஸ் போட்டா சும்மா விடலாமா?"

கேட்கக் கேட்க எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தெரு நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். நானும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஹால் டிக்கெட் வாங்க அன்று எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஐந்து பேரைத் தலைமையாசிரியர் அறையில் வரிசையாக நிற்க வைத்தார். அம்சம் இரண்டாவது, நீலாம்பாள் கடைசி. பண்ணைக் காரியக்காரர் ரெங்கசாமியும் வந்து சுவரோரம் நின்றார். புகார் கொடுத்தவரே அவர்தான். ஊரில் எந்த வீட்டுப் பெண் யாரென்று அவருக்கு அத்துப்படி.

பஞ்சநதம் உள்ளே வந்தார். பெண்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நேராக நடந்தார். அம்சத்தைத் தாண்டினார். கடைசியில் நின்ற நீலாம்பாளின் தலையில் கை வைத்தார்.

"இதுதாங்க அம்சம். அன்னிக்கு என் வகுப்புல இருந்திச்சு. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

ரெங்கசாமி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நீலாம்பாள் அவர் கையை விலக்கினாள்.

"நான் இல்ல சார்," என்றாள். "அம்சம் அதோ நிக்கிது."

"என்னம்மா சொல்றே? ஐம்பத்தி மூணுக்கு தினம் நீதானே உள்ளேன் ஐயான்னு சொல்லுவே?"

சொன்ன பிறகுதான் அந்த நல்ல மனிதருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பி அம்சத்தைப் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார். அந்த முகத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று அவர் தேடியது எனக்கே தெரிந்தது.

"ஏம்மா, நீ என் வகுப்புக்கு வந்திருக்கியா?"

"நீங்க இருந்த பத்தொன்பது நாள்ல நான் வந்தது அந்த ஒரு நாள்தான் சார்," என்றாள் அம்சம்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் என்னம்மா பண்ண முடியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்கும் வருத்தம்தான். திங்கட்கிழமை பரீட்சை, முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், என் வேலைக்கே ஆபத்து வந்தாலும் சரி என்று கெஞ்சினேன், கத்தினேன். புகார்தாரர் எதிரில் நிற்கிறாரே அம்மா என்றார். அம்சம் ஹால் டிக்கெட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள். வாசலில் ராமாயி மண்ணை வாரித் தூற்றினாள். யாரை நோக்கித் தூற்றினாள் என்று நான் கேட்கவில்லை.

பஞ்சநதத்தைப் பேருந்துக்கு அனுப்பப் போனேன். அவர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. பேருந்து வருகிற நேரத்தில், "வர்ற வழியிலேயே எது அம்சம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். அவர் குறை சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

சொல்லியிருக்கலாம். நீலாம்பாள் குரல் கொடுப்பது எனக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியும். கணீர் குரல் என்று அவர் சொன்னபோதே பொறி தட்டியிருக்க வேண்டும். அம்சத்தின் குரல் அடுத்தவர் காதிலேயே விழாது; அவள் வந்த அன்றைக்கும் நீலாம்பாள்தான் குரல் கொடுத்திருப்பாள். பாராதது போல் இருந்து இருந்து, பார்ப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மண்ணாங்கட்டி, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பேருந்து வந்தது, ஏறிப் போனார்.

ரிமாண்டில் பதினைந்து நாள். பரீட்சை அதற்குள் முடிந்துவிட்டது. நீலாம்பாள் எழுதினாள், பாஸும் செய்தாள். வைகாசியில் அம்சத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுக்க அவளே ஆபீசுக்கு வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேச முடியாமல் ஃபைலைப் புரட்டினேன்.

"பஞ்சநதம் சாருக்கும் ஒண்ணு அனுப்புங்கம்மா," என்று இன்னொரு பத்திரிகையை மேஜை மேல் வைத்தாள். "ஏழு சார்ல எனக்காகத் திரும்பி வந்தது அவரு ஒருத்தர்தான்."

அன்றே உறையில் போட்டுப் பேராவூரணிக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள், அவள் கல்யாணத்துக்கு முதல் நாள், அது திரும்பி வந்தது. உறையின் மேல் அந்தப் பள்ளிக்கூடத்து கிளார்க் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்: மாறுதலாகிப் போய்விட்டார்.