கோபுரத்துக்கு ஒரு மாற்றாள்

இளங்கோ காணாமல் போய் நாலு மாதம் கழித்து அவன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கூரியர்காரர்கள் மலைமேல் செம்மேட்டைத் தாண்டி வருவதில்லை. அதற்கப்பால் இருக்கும் வளப்பூர் நாட்டு ஊர்களுக்கு எது வந்தாலும் பஸ்ஸில்தான் வர வேண்டும். கண்டக்டர் சின்னராசு பஸ்ஸை நிறுத்தித் தானே இறங்கி வந்து, இளங்கோவின் மனைவி யமுனாவிடம் அதைக் கொடுத்தார்.

"உங்க ஊட்டுக்காரரு முன்னயே ஆர்டர் போட்டதாட்டம் இருக்குதுங்க. திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரலீங்க," என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே விசில் ஊதி ஏறிக்கொண்டார்.

இளங்கோ பட்டாளத்துக்காரன். வடக்கே பனிமலையில், ஒரு காவல் கோபுரத்தில் தனியாக நின்றிருந்தபோது பனி சரிந்தது. அவனை மாற்றிவிடப் போனவர்களுக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. தேடிப் பார்த்தோம், ஆள் கிடைக்கவில்லை என்று போன் வந்தது. அவன் அம்மா பொன்னம்மாள் அவன் படத்துக்கு மாலை போடவில்லை, யமுனா பொட்டை எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் அவன் வேண்டும், உயிரோடு வேண்டும். ஊர் என்ன சொன்னாலும் அந்த வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை.

பார்சலில் என்ன இருக்கும் என்று யமுனாவுக்குத் தெரியும். லீவில் வந்தால் மனுஷனுக்கு ஒரே பைத்தியம்தான். பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகிச் செருகி டாங்கியும் ஜீப்பும் கட்டுவான். பெரிய கம்பெனி செட் கட்டுப்படியாகாது. பேர் வாயில் நுழையாத மலிவுக் கம்பெனிச் சரக்குதான் வாங்குவான். சரக்கும் விலைக்கேற்ற லட்சணத்தில்தான் இருக்கும். ஜீப்புக்கு ஒரு சக்கரம் குறையும், தொப்பி இருந்தால் தலை இருக்காது. அதற்காகவே மிஞ்சிய உருப்படிகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தான். அதற்கு முரட்டு மூடி, உள்ளங்கையால் அழுத்தினால்தான் 'டொப்'பென்று மூடும். "பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சது பத்தாதா சாமி, ஊட்டுக்கு வந்தும் அதேதானா?" என்று பொன்னம்மாள் திட்டுவாள். திட்டிக்கொண்டே கட்டிலுக்கடியில் உருண்ட கட்டையைத் தேடிக் கொடுப்பாள்.

இந்த முறை அட்டையில் பனிமலைக் காவல் கோபுரம். உச்சியில் ஒரு சிப்பாய். ஏணியில் ஏறி வரும் இன்னொரு சிப்பாய். யமுனா படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டி முடித்தாள். பையைக் கவிழ்த்து உதறினாள். உச்சியில் நிற்கிறவன் இருந்தான். ஏறி வருகிறவன் இல்லை.

முன்பொரு காவல் கோபுரச் செட் கட்டும்போது இளங்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. "ஏறி வாரவன்தான் மாத்தாளு. அவன் மேல வந்து நின்னாத்தான் நிக்கறவன் எறங்கலாம். வரலீன்னா, மழையோ இடியோ, அங்கயேதான் நிக்கோணும்." அன்றைக்கு அவள் சிரித்தாள். இன்றைக்குப் பையை இன்னொரு முறை உதறிப் பார்த்தாள். உச்சியில் இருந்தவனை வெளியே பார்க்க நிறுத்தி, கோபுரத்தை ஜன்னலோரம் வைத்தாள்.

மறுநாள் மார்கழி மூடுபனி முற்றத்தை விழுங்கிவிட்டது. வாசலில் காயப்போட்ட மிளகை அள்ளி உள்ளே கொண்டுவந்தவள் கோபுரத்தைச் சுற்றி ஈரத்தைப் பார்த்தாள். துடைத்தாள். சாக்கைக் கட்டி வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் ஈரம். தொட்ட விரல் மரத்துப்போனது. வெளியே பார்த்து நின்ற சிப்பாய் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தே, இவனை நீங்க திருப்பி வெச்சீங்களா?"

"நா எதுக்குக் கண்ணு அதைத் தொடறேன்?" பொன்னம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாக்கறான் புள்ள. என்ற பையன் பாக்கறான்."

அப்போதுதான் முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யார் வந்தாலும் குரைத்துத் தீர்க்கும் நாய், பனிக்குள் யாரையோ பார்த்து வாலை ஆட்டியது. சத்தம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. யமுனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பனிதான் இருந்தது. படியில் மட்டும் ஈரமான பூட்ஸ் தடம், உள்ளே பார்த்தபடி. அவள் பார்க்கப் பார்க்க அது மங்கி மறைந்தது.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிது. அவன் வந்திருக்கிறான், படி வரைக்கும் வந்திருக்கிறான். மாற்றாள் இல்லாமல் அதற்குமேல் வர அவனுக்கு உத்தரவில்லை.

பிஸ்கட் டின்னை எடுத்துப் பாயில் கொட்டினாள். உடம்பும் காலும் நிறைய இருந்தன. தலைதான் பஞ்சம். இரண்டே இரண்டு கிடைத்தன. ஒன்று சிரித்த முகத்தோடு கொண்டை போட்ட பெண் தலை, ஆம்புலன்ஸ் செட்டில் நர்ஸாக வந்தது. இன்னொன்று சுருக்கம் விழுந்த நரைத்த தலை, ஏதோ கிழட்டு அதிகாரியுடையது. "இது நீ, இது அம்மா," என்று இளங்கோ கேலி பண்ணித் தனியாக எடுத்து வைத்தவை.

யமுனா நரைத்த தலையை எடுத்துப் பச்சை உடம்பில் பொருத்தப் போனாள்.

"அது வேண்டாங் கண்ணு," என்றாள் பொன்னம்மாள், சட்டென்று. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சிரிச்ச மூஞ்சி ஒண்ணு இருக்குதே, அத வெய்யி. அவனுக்கு அதுதான புடிக்கும்."

அத்தையின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது யமுனாவுக்குப் புதிது. சிரித்த முகத்தை வைத்தாள். ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தினாள். ஒவ்வொரு படியாக ஏற்றினாள். வாசலில் நாய் ஊளையிடத் தொடங்கியது. பொன்னம்மாளின் கை ஒரு முறை அவள் தோள் வரைக்கும் வந்தது. தொடாமல் திரும்பிப் போயிற்று.

யமுனா பழைய சிப்பாயைக் கழற்றினாள். புதியவளை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். 'கிளிக்'.

பூட்ஸ் சத்தம் படி தாண்டியது.

"சாமீ!" என்று பொன்னம்மாள் அலறினாள். யமுனா எழுந்து ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. உள்ளங்கால் இரண்டும் எதிலோ செருகிக்கொண்டிருந்தன. கீழே வெள்ளையாகப் பனிச்சரிவு. காற்று முகத்தில் அறைந்தது. ஆகாயம் இருக்க வேண்டிய உயரத்தில், அவள் வீட்டு ஓடுகளும் ஒட்டடையும் தெரிந்தன.

எங்கோ தூரத்தில் அவன் குரல் கேட்டது. நாலு மாதமாகக் கேட்கத் தவித்த குரல்.

"யமுனா எங்கம்மா?"

அத்தை சொல்லிவிடுவாள் என்று யமுனா காத்திருந்தாள்.

"அவ அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கறா சாமி. நீ கையக் கழுவிட்டு உக்காரு, சோறு போடறேன்."

அத்தே என்று கத்தினாள். அச்சடித்த சிரிப்புக்குள்ளிருந்து சத்தம் வெளியே வரவில்லை. ஏணியைப் பார்த்தாள். அதில் யாரும் ஏறி வரவில்லை. கீழே பாயில் கிடந்த உருப்படிகளைப் பொன்னம்மாள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போடுவது கேட்டது. நரைத்த தலையைக் கடைசியாகப் போட்டாள். பிறகு உள்ளங்கையால் மூடியை அழுத்தினாள். டொப்.